ஏழு தரம் வந்த சிறுமி

இது மூன்று வருடங்களுக்கு முன், மெல்பேர்னில் குளிர் தொடங்குகிற மே மாதத்தில் நடந்தது. அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வெரிபீயில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் தனியாக வாடகைக்கு இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் நான் செய்த பிழை உங்களுக்கு விளங்காது. நான் சரியான பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்தால் அடுப்பை நிறுத்தினேனா என்று யோசனை வந்துவிடும். திரும்பிப் போய்ப் பார்த்து இரண்டு தரம் ரெயிலைத் தவறவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் கைபேசியில் அடுப்பைப் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். ரெயிலில் பயம் வரும்போது எடுத்துப் பார்ப்பேன். எல்லாக் குமிழும் நேராக இருக்கும். மனம் ஆறும். அடுத்த ஸ்டேஷனில் இன்னொரு தரம் பார்ப்பேன்.

மன்னார்ப் பக்கம் கடற்கரை ஊர் எனக்கு. எட்டாம் வகுப்பில் இடம்பெயர்ந்தோம், அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. தையல்தான் சோறு போட்டது. இந்த நாட்டுக்கு என்னைக் கூப்பிட்டது அண்ணா. பிறகு அவர் வேலை மாறிக் குடும்பத்தோடு சிட்னிக்குப் போய் லிட்கமில் வீடு எடுத்தார். என்னையும் வரச் சொன்னார். நான் போகவில்லை. அங்கே போனால் அவர்களுக்குப் பாரமாக இருப்பேனோ என்று ஒரு பயம், இங்கே கிடைத்த வேலையை விட்டால் வேறு கிடைக்காதோ என்று இன்னொரு பயம்.

அந்த வேலை கிடைத்த விதமும் ஒரு புதினம்தான். உடுப்புத் திருத்துகிற கடையில் ஒரு கல்யாண உடையின் கிழிந்த லேஸ் பின்னலை, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். காற்சட்டைக்கு ஜிப் மாற்ற வந்த ஒரு வெள்ளைக்காரர் கால்மணி நேரம் நின்று பார்த்தார். "கிழிந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லையே, என்னிடம் வேலைக்கு வருகிறீர்களா?" என்று கேட்டார். பழைய சினிமாப் படச்சுருள்களைத் திருத்திக் காப்பாற்றுகிற சின்ன நிறுவனம் ஒன்றின் பொறுப்பாளர் அவர். எனக்குச் சினிமாவும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. "உங்கள் கைக்குத் தெரியும்" என்றார்.

படச்சுருளின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். பழைய சுருளில் அவை கிழிந்து போயிருக்கும். மேசைக்குள் விளக்கு எரியும். அதன் மேல் சுருளை வைத்து, மயிரிழை போன்ற மெல்லிய கத்தியால் வெட்டி, ஒவ்வொரு ஓட்டையாக ஒட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்கக் குனிந்திருந்தால் திரையில் ஒரு நிமிடம் ஓடும் அளவு திருந்தும். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஒன்றை மூன்று தரம் சரிபார்க்கிற என் வியாதியை அங்கே எல்லாரும் கெட்டித்தனம் என்றார்கள்.

அந்த வருடம் தை மாதம் நாலு தகரப் பேணிகளில் ஒரு படம் வந்தது. ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைப் படம். தூரத்தில் ஒரு ஆற்றங்கரையில், இந்த மண்ணின் ஆதிக்குடி மக்களை வைத்து, அவர்களே நடிக்க, யாரோ ஒரு பயணி எடுத்த கதைப்படம். கதை சின்னது. ஒரு குழந்தை தொலைந்துபோகிறாள். ஊர் முழுக்கத் தேடுகிறது. கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள். அவ்வளவுதான்.

தொலைந்துபோகிற அந்தக் குழந்தைக்கு நாலு வயது இருக்கும். நான் திருத்திய சுருள்களில் அவள் ஏழு இடத்தில் வருவாள். நடிக்கச் சொன்னால் நடிக்கமாட்டாள். அழவேண்டிய இடத்தில் கமெராவைப் பார்ப்பாள். தாய் தூக்கிக்கொண்டு போகும்போது தாயின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள். கடைசிக் காட்சியில், எல்லாரும் ஓடிவந்து அவளைக் கண்டுபிடித்த பிறகு, கமெராவைப் பார்த்து முன்பல் இரண்டும் தெரியச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புத் தொடங்கி முடிய அறுபத்திரண்டு பிரேம், அறுபத்திரண்டு குட்டிப் படம். ஒவ்வொரு பிரேமையும் நான் தனித்தனியே துடைத்திருக்கிறேன்.

மூன்று மாதம். வெரிபீயில் இருந்து காலையில் போய், பொழுதுபடத் திரும்பி வருவேன். சில வாரம் வெள்ளிக்கிழமை வரும்போது, அந்த வாரம் முழுக்க நான் கடைக்காரப் பெண்ணுக்குச் சொன்ன நன்றியைத் தவிர வெளியில் யாரோடும் கதைக்கவில்லை என்பது ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சிறுமி தினமும் விளக்கு மேசையில் எனக்காகக் காத்திருப்பாள். நான் அவளோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன். சத்தமாக இல்லை, வாய்க்குள்தான்.

அதைக் கண்டுபிடித்தவள், திருத்திய சுருளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிற சென்னைப் பெண். முப்பது வயது இருக்கும். தற்காலிக விசாவில் இருந்தாள். என்னை அக்கா என்பாள்.

"என்னக்கா, உங்க பொண்ணு இன்னிக்கு என்ன சொல்றா?"

"பேசாமல் உம்மட வேலையைப் பாரும்."

"பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். விட்டா அவளுக்கும் சேர்த்து டிபன் கட்டிட்டு வந்துடுவீங்க போல. எனக்குத்தான் ஒரு நாளும் கொண்டு வர்றதில்ல."

மறுநாள் அவளுக்கு ஒரு பெட்டி இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். அதன்பின் அந்தப் பகிடி நின்றது, இடியப்பம் மட்டும் நிற்கவில்லை.

முதன்முதலில் அவள் படத்தை ஓட்டிக் காட்டியபோது எல்லாரும் கோழி ஓடுவதுபோல ஓடினார்கள். "பழைய படம்னா அப்படித்தான்க்கா" என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குழந்தையைத் தூக்கிய தாய் அப்படி ஓடமாட்டாள், குழந்தையின் தலை ஆடும். வேகத்தைக் குறைத்துப் பார்க்கச் சொன்னேன். குறைத்தாள். இன்னும் கொஞ்சம் என்றேன். ஒரு வேகத்துக்கு வந்ததும் அவர்கள் எல்லாரும் மனிதராக நடந்தார்கள். அந்த நாளில் கையால் சுற்றுகிற கமெரா, வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்று பொறுப்பாளர் பிறகு சொன்னார். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்திருக்க வேண்டும்.

மே மாதத் தொடக்கத்தில் பொறுப்பாளர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அந்தச் சிறுமி இப்போது உயிரோடு இல்லை. தொண்ணூறு தாண்டி வாழ்ந்து, முந்தைய வருடம்தான் காலமானார். அவருடைய இரண்டு மகள்மார் படத்தைப் பார்க்க வருகிறார்கள். ஆறு மணி நேரம் கார் ஓடி வரவேண்டும். படத்தை வெளியே காட்டலாமா, எங்கே காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். செத்தவரின் உருவத்தைப் பார்ப்பதும் பெயரைச் சொல்வதும் அந்தக் குடும்பத்துக்கு இப்போது பாரமான காரியம், ஆகவே எல்லாரும் கவனமாக நடக்க வேண்டும் என்றார்.

நான் தலையாட்டினேன். ஆங்கிலம் விளங்கத்தான் செய்தது. ஆனால் அதன் பொருள் எனக்குள் இறங்கவில்லை. இந்த நாட்டுத் தொலைக்காட்சியில், இறந்துபோன ஆதிக்குடி மக்களின் படமும் குரலும் இதில் வரலாம் என்று ஒரு எச்சரிக்கை போடுவார்கள். தமிழ்ப் படத்தில் புகைப்பிடிக்கிற இடத்தில் போடுகிற எழுத்தைப்போல அதையும் நான் கடந்து போயிருக்கிறேன். கவனம் என்றால் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். செத்தவர்களுக்கு மரியாதை செய்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்தேன்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இடம்பெயர்ந்தபோது வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விட்டன. அவனுடைய முகம் உள்ள ஒரு கடதாசித் துண்டுகூட எங்களிடம் இல்லை. நவம்பர் தொடக்கத்தில், கத்தோலிக்கரின் இறந்தோர் நாளில் மற்ற வீடுகளில் படத்துக்கு மாலை போட்டு மெழுகுதிரி கொளுத்துவார்கள். அம்மா வெறும் சுவருக்கு முன் கொளுத்துவார். அம்மாவும் போன பிறகு, வெரிபீ அறையில் நானும் அப்படித்தான் செய்கிறேன். அவனுடைய முகம் எனக்கு இப்போது சரியாக ஞாபகம் இல்லை. காது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே அந்த மகள்மார் ஆறு மணி நேரம் ஓடி வந்து இறங்கும்போது, தங்கள் தாயின் முகம் அவர்களை வரவேற்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. கம்ப்யூட்டர் திரையில் அந்தச் சிரிப்பு நின்றபோது, சென்னைப் பெண் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் பார்த்து, கைபேசியில் படம் எடுத்தேன். படம் எடுக்கக்கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொன்ன சட்டம். தெரிந்துதான் எடுத்தேன். அடுப்புப் படங்களுக்கு நடுவில் அவளும் வந்து உட்கார்ந்தாள். கடைத்தொகுதியில் உள்ள இயந்திரத்தில் பெரிதாக அச்சடித்தேன், மரச்சட்டத்துக்குள் போட்டேன். பேணியில் இருந்த பழைய கடதாசியில் அந்தச் சிறுமியின் பெயர் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, என்னால் முடிந்த அழகான கையெழுத்தில் படத்துக்குக் கீழே எழுதினேன்.

அன்னையர் தினம் நெருங்கியதால் கடை முழுக்க வெள்ளைச் செவ்வந்தி. இரண்டு கட்டு வாங்கினேன். பழைய படச்சுருள் பஞ்சைப்போலப் பற்றும் என்பதால் அந்தக் கட்டடத்துக்குள் நெருப்பே கூடாது. அதனால் பற்றரியில் எரிகிற மெழுகுதிரி. அவர்கள் வருகிற நாள் எல்லாருக்கும் முன்னே போய், திரையிடும் அறை வாசலில் ஒரு மேசை போட்டு எல்லாவற்றையும் வைத்தேன். எட்டி நின்று பார்த்தேன். படம் கொஞ்சம் சரிந்திருந்தது. நேராக்கினேன். மூன்று தரம் நேராக்கினேன்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். இரண்டு பெண்கள், காரோட்டி வந்த அவர்களின் உறவுக்காரர் ஒருவர், அவருக்கு நாற்பது வயது இருக்கும். பொறுப்பாளர் காரடிக்குப் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு நேரே உள்ளே வந்தார். மேசையை அவரும் அப்போதுதான் பார்த்தார். நான் தேத்தண்ணி ஊற்றுகிற குசினியின் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களின் முகம் மலரும் என்று காத்திருந்தேன்.

முன்னால் வந்த மூத்த மகள் படத்தைக் கண்டார். கையை உயர்த்திக் கண்ணை மறைத்தார். ஒரு சத்தம் வந்தது, அழுகை இல்லை, அடிபட்டவர் போடுகிற சத்தம். தங்கை அவரைத் தோளோடு பிடித்துத் திருப்பினார். மூவரும் வெளியே போய்விட்டார்கள்.

பொறுப்பாளர் படத்தைக் கவிழ்த்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் ஓடினார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"அவர்கள் திரும்பிப் போகப் போகிறார்கள். இதை யார் வைத்தது?"

அவருடைய பார்வை சென்னைப் பெண்ணிடம் போய் நின்றது. போகாமல் என்ன செய்யும்? படம் அவளுடைய கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது. அவள் பூவைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள், பிறகு குசினிப் பக்கம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய விசா, அவளுடைய வேலை, எல்லாம் அந்த மேசையில் கிடந்தன. அப்படியும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்படியே நின்றுவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்ததை மறைக்க மாட்டேன். பிறகு போய், "நான்தான் வைத்தேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது. கவிழ்ந்திருந்த படத்தை என் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். அவர் கூப்பிட்டார், நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் எனக்குத் திரும்பத் தைரியம் வந்திருக்காது.

மூத்த மகள் காரின் முன் கதவைத் திறந்தபடி, காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். தங்கை பக்கத்தில் நின்றார். கதைத்தது ஆங்கிலத்தில். எனக்கு எந்தத் தமிழில் விளங்கியதோ அந்தத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"படம் வைச்சது நான். அவருக்குத் தெரியாது. உள்ள இருக்கிற பிள்ளைக்கும் தெரியாது. அவையோட கோவிக்க வேண்டாம்" என்றேன்.

"ஏன் வைச்சனீ?" என்று மூத்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்கட ஊரில செத்த ஆளுக்குச் செய்யிற மரியாதை அது. படம் வைச்சு, பேர் எழுதி, பூ வைப்பம்."

"இது உங்கட ஊர் இல்லை" என்றார் தங்கை.

"ஓம்" என்று தமிழிலேயே ஒப்புக்கொண்டேன்.

இது உன் ஊர் இல்லை என்ற சொல்லை நான் இத்தனை வருடத்தில் ரெயிலிலும் கடையிலும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் மனம் கொதித்திருக்கிறது. அன்றுதான் முதல்தரம் அதைச் சொல்ல உரிமை உள்ள ஒருவர் சொல்லக் கேட்டேன்.

சால்வையில் சுற்றியதை அப்படியே நீட்டினேன். உறவுக்காரர் வாங்கிக் காரின் பின்பெட்டியில் வைத்தார். "வேறு எங்கயாவது இருக்கா?" என்று தங்கை கேட்டார். கைபேசியில் இருக்கிறது என்றேன். படம் அவர் கண்ணில் படாதபடி முதுகு காட்டி நின்று அழித்தேன். நம்பிக்கை இல்லாமல் கையை நீட்டினார், கொடுத்தேன். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போக அவருடைய நெற்றி சுருங்கியது.

"இது என்ன? எல்லாம் அடுப்பு."

"நிப்பாட்டினனானோ எண்டு பயம். ஒவ்வொரு நாளும் எடுப்பன்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேல்லை. வீட்டிலதான் நிப்பன்."

அவர் கைபேசியை அக்காவிடம் காட்டினார். அக்கா பார்த்தார். தள்ளினார். இன்னொரு அடுப்பு. இன்னொன்று. மூக்கால் ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் கார்க் கதவு அப்போது இன்னும் கொஞ்சம் திறந்ததுபோல எனக்கு இருந்தது.

"நீ என்ன வேலை செய்யிறனீ இங்க?" என்று மூத்தவர் கேட்டார்.

படத்தைத் திருத்தியது நான்தான் என்றேன். மூன்று மாதம் என்றேன். உங்கள் அம்மா என்று சொல்ல வாயெடுத்து, சொல்லலாமோ என்று பயந்து, "அந்தச் சின்னப் பிள்ளை" என்றேன்.

"எத்தனை தரம் வாறா?"

"ஏழு."

"எப்ப எப்ப எண்டு உனக்குத் தெரியுமா?"

"பாராமலே தெரியும்."

பிறகுதான் அவர் விளக்கினார். தாயைப் பார்க்கிற காலம் தங்களுக்கு இன்னும் வரவில்லை. அவர்கள் வந்தது தாயின் தாயைப் பார்க்க. தங்கள் அம்மம்மாவை அவர்கள் ஒரு நாளும் கண்டதில்லை, அவருடைய முகம் இந்த உலகத்தில் இந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. அம்மா வருகிற இடங்களை வெட்டிவிடலாமா என்று பொறுப்பாளர் முன்பே கேட்டிருக்கிறார். வெட்டினால் அந்தக் காட்சிகளில் குழந்தை வருவதற்கு முன்னும் பின்னும் நிற்கிற அம்மம்மாவும் சேர்ந்து போய்விடுவார். அதனால் முழுதாகவே ஓடட்டும், அம்மா வரும்போது கண்ணை மூடிக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். நேரத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்வதாகப் பொறுப்பாளர் ஏற்றிருந்தார்.

"வாசலிலயே அவர் சொன்ன சொல்லைக் கைவிட்டிட்டார் எண்டு நினைச்சம்" என்றார். பிறகு எழும்பினார். "நீ எனக்குப் பக்கத்தில இரு. வரப்போறா எண்டு நீ சொல்லு."

என்னைப்போன்ற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய பயம் என்ன இருக்கிறது? ஒன்றைத் தவறவிட்டால் போச்சு. ஏற்கெனவே ஒரு தரம் அவருடைய கண்ணில் அடித்துவிட்டேன். ஆனால் மாட்டேன் என்று சொல்கிற இடமா அது? வாயால் சொன்னால் ஆங்கிலம் தடுக்கும் என்று, கையைத் தொடுவதாகச் சொன்னேன். ஒரு தரம் தொட்டால் வரப்போகிறார். இரண்டு தரம் தொட்டால் போய்விட்டார். தங்கைக்கு அக்கா தன் மற்றக் கையால் சொல்வார்.

உள்ளே போனோம். பூவும் மேசையும் இல்லை, சென்னைப் பெண் எல்லாவற்றையும் எடுத்திருந்தாள். என்னைக் கடக்கும்போது, "மூச்சு விடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

விளக்கு அணைந்தது. ஊமைப் படம், பாட்டும் போடவில்லை. கதிரை கிரீச்சிடுகிற சத்தம்கூடக் கேட்டது. ஆறு வந்தது, மரங்கள் வந்தன, மனிதர்கள் வந்தார்கள், சரியான வேகத்தில் நடந்தார்கள். அம்மம்மா தண்ணீரில் இருந்து தனியாக ஏறி வருகிற இடத்தில் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். தங்கை ஏதோ சொன்னார், அக்கா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதே கன்னம்தான். நான் மூன்று மாதம் துடைத்த கன்னம்.

வெட்டிய மரக்கட்டை ஒன்று திரையில் வந்தால், அதன் பின்னால் பதினாறு பிரேமில் சிறுமி வருவாள். கட்டை வந்தது. தொட்டேன். அவருடைய கண்கள் மூடின. அவள் வந்தாள், தாயின் தோளுக்கு மேலால் என்னை எட்டிப் பார்த்தாள். அந்த அறையில் அவளைப் பார்க்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்று எனக்குப் பட்டது. இத்தனை நாள் தனியாக இருந்து அவளைப் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் அப்படி ஒரு தனிமை வந்ததில்லை. அவளுடைய பிள்ளைகள் பக்கத்தில் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். மனதுக்குள் எண்ணினேன். எண்ணி முடிந்ததும் இரண்டு தரம் தொட்டேன்.

இரண்டு, மூன்று, நாலு. ஒன்றும் தவறவில்லை. ஐந்தாவதும் ஆறாவதும் முடிந்தன.

ஏழாவது கடைசிக் காட்சி. எல்லாரும் புல்லுக்குள் ஓடுகிறார்கள், குனிகிறார்கள். தொட்டேன். அறுபத்திரண்டு பிரேம், நாலு செக்கனுக்குக் கொஞ்சம் குறைய. தலையைக் குனிந்து எண்ணத் தொடங்கினேன். அப்போது அவர் என் கையைப் பிடித்தார். சும்மா இல்லை, எலும்பு நோகும்படி பிடித்தார். எண்ணி முடிந்தது. போய்விட்டார் என்று சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு தரம் தொட என் கை என்னிடம் இல்லை.

திரை வெள்ளையானது. விளக்கு வந்தது. அவர் கண்ணைத் திறந்தாரா, மூடியபடி இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

போகும்போது அவர்கள் பொறுப்பாளரிடம் தங்கள் முடிவைச் சொன்னார்கள். படம் முதலில் தங்கள் ஊரில், தங்கள் ஆட்களுக்கு மட்டும் காட்டப்படும். சிறுமி வருகிற பகுதிகள் வெளியே போகாது. தாங்கள் சொல்லும்வரை படச்சுருள் வைக்கிற குளிர் அறையில் இருக்கட்டும் என்றார்கள். என்னிடம் மூத்தவர் நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் சொல்லவில்லை. கார் வெளிக்கிடும்போது கண்ணாடியை இறக்கி, "அடுப்பு நிப்பாட்டினனீ தானே?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

பொறுப்பாளர் என்னை வேலையால் நிறுத்தவில்லை. "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். அது எனக்கு இன்றைக்கும் ஏச்சைவிடக் கூட வலிக்கிறது. அடுப்பை நூறு தரம் பார்க்கிறவளுக்கு, இந்த ஒன்றில் மட்டும் ஒரு தரம் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று வருடமாகியும் குளிர் அறையில் இருந்து அந்தப் பகுதிகளை எடுக்கச் சொல்லி இன்னும் செய்தி வரவில்லை. சிலவேளை வேலை முடிந்து அந்த அறைக் கதவைக் கடக்கும்போது, உள்ளே இருட்டில் அந்த அறுபத்திரண்டு பிரேமும் சிரித்துக்கொண்டு கிடப்பது ஞாபகம் வரும். அந்தச் சிறுமியை வாய்க்குள்கூட நான் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உங்கள் பத்திரிகையின் இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்கள் யாருடைய பெயரும் எழுதக்கூடாது என்று நீங்கள் கேட்டது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உங்களுக்குத் தெரியாது.

இறந்தோர் நாளில் இப்போதும் வெரிபீ அறையில் வெறும் சுவருக்கு முன்தான் மெழுகுதிரி கொளுத்துகிறேன், ஆனால் என் தம்பிக்கு ஒரு படம்கூட இல்லையே என்று முன்னைப்போல அழுவதில்லை. முகத்தைப் பாராமலே ஒரு ஆளை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கலாம் என்பதை அன்று நொந்த என் கைவிரல்கள் இன்னும் மறக்கவில்லை.